கிடாரம் கழுவாத தம்பி

அக்காவைப் பற்றி எழுத உட்காருவதும் எழும்புவதுமாக இருக்கிறேன். இந்த ஓராண்டாகக் கதிரையைக் கண்டாலே எனக்கு நடுக்கம். காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் அக்கா களுவாஞ்சிக்குடியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அம்மாவை நாங்கள் இளவயதிலேயே இழந்ததால், எனக்குச் சோறூட்டியதும் தலையில் குட்டியதும் அவரே. சுனாமிக்குப் பிறகு, பல நாடுகளில் கிளையுள்ள தொண்டர் சங்கம் ஒன்று இங்கே முகாம் நடத்தியது. அக்கா அங்கே சோறாக்கும் பெரிய கிடாரம் கழுவப் போனார். பின்னர் சமையலுக்குப் பொறுப்பானார். வெள்ள நிவாரணக் குழுவை நடத்தினார். கிளைத் தலைவியாகி நேபாள மாநாட்டில் பேசியும் வந்தார். வந்த மறுநாளே மீண்டும் கிடாரத்தடியில் குந்திவிட்டார்.

"கிடாரம் கழுவாதவங்க கதிரையில இருக்கப்படாது" என்பது அவர் வைத்த சட்டம்.

வைத்தியசாலையில் கிடந்த கடைசி நாட்களிலும், "வாகரையில வெள்ளமாம், ஆள் போச்சா?" என்றே கேட்டார். என்னிடம், "பதறாத தம்பி" என்றார். அக்கா சொல்லி நான் கேட்காதது அது ஒன்றுதான்.

அவர் கண்மூடியதும் கிளைத் தலைமை வெற்றிடமானது. எங்கள் பகுதியில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவி தாய்வழிக் குடிக்குள்ளேயே கைமாறும். அந்த வழக்கத்தை நம்மவர்கள் சங்கத்துக்கும் நீட்டிவிட்டார்கள்.

"அக்காட கதிரை தம்பிக்குத்தானே. வேற குடிக்குப் போகலாமா?" என்றார் பெரிய மாமா.

"மாமா, இது கோயில் இல்ல."

"கோயிலை விடப் பெரிசு மனே. நேபாளம் வரைக்கும் இருக்கு."

நான் உன்னிச்சைக்கு ஓடி, நண்பரின் வயல் வட்டைக்குக் காவல் இருப்பதாகச் சொல்லி ஒளிந்தேன். அங்கே அறுவடை முடிந்து வெகுநாள். வெறும் தாளடியைக் காத்துக்கொண்டிருந்த என்னைத் தேடி வந்தவர், சங்கத்துச் சகோதரி சுபா. வாகரைக்காரர்; அக்காவின் கீழ் ஒவ்வொரு வேலையாகப் பழகி, துணைத் தலைவி வரை உயர்ந்தவர்.

"அண்ணன், கதிரை வேணுமெண்டா நீங்களே இருங்க. ஆனா, பிறந்த குடிதான் கணக்கெண்டா, அக்கா என்னை இவ்வளவு காலமும் சேத்துக்குள்ள இழுத்துக்கொண்டு திரிஞ்சது ஏன்? நான் வீட்டுக்குப் போறன்."

அவர் போனால் வாகரைப் பெண்கள் அத்தனை பேரும் போவார்கள். அக்கா கட்டிய சங்கத்தில் என் பதற்றம் மட்டுமே மிஞ்சும்.

கூட்டத்துக்குப் போனேன். எனக்காக இழுத்துப் போட்டிருந்த கதிரையில் உட்காராமல், மேசையோரம் நின்றே பேசினேன்.

"நான் அக்காட தம்பி. அதுக்குமேல ஒண்டும் இல்ல. ஒரு கிடாரமும் கழுவினதில்ல. சுபா கழுவின கிடாரத்துச் சோறு நீங்க எல்லாரும் திண்டிருக்கீங்க. அக்காட சட்டம் தெரியும்தானே."

"அப்ப நேபாளத்துக்கு நீ போகமாட்டியா?" என்று பெரிய மாமா கேட்டார். பிறகு அவரே முதலில் சுபாவுக்காகக் கை உயர்த்தினார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதிமார், தோள்கொடுத்த அயலவர், சங்கத்து உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று திவசச் சாப்பாடு முடிந்து கை கழுவ வரும்போது, கிணற்றடியில் குந்தியிருப்பவனைக் கண்டு சிரிக்க வேண்டாம். புதிய தலைவி என்னைச் சேர்த்துக்கொண்டு முதல் வேலையும் தந்துவிட்டார். கிடாரத்து அடிக்கரி இலேசில் போகாது. அக்கா பார்த்தால், இன்னும் தேய்க்கச் சொல்வார்.