இரண்டாவது பந்தி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. உலு திராம் என்ற ஊரில் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது.

என் மகள் நான்காம் படிவத்தில், பதினாறு வயதில், சமையலும் வியாபாரமும் கற்றுத்தரும் தொழில்பாடத்தை எடுத்தாள். ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பயிற்சி. கடை முதலாளியைப் பிள்ளைகள் செஃப் என்று கூப்பிடுவார்கள். அவர் போடும் மதிப்பெண்ணை வைத்துத்தான் சமையல் கல்லூரியில் இடம் கிடைக்கும். ஹோட்டலில் சமைக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

பயிற்சி தொடங்கிய பிறகு அவள் கடைச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். தப்பாவ் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தாலும் தொடமாட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கடைசி நாளில் பெற்றோருக்கு விருந்து. பிள்ளைகளே சமைத்துப் பரிமாறினார்கள். முதலாளி எழுந்து பேசினார்.

"சமைக்க யாரும் கத்துக்கலாம். வியாபாரம் எங்க இருக்கு தெரியுமா? குப்பைத் தொட்டியில. அதுல விழுறத குறைச்சா நீங்க முதலாளி."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

முதல் பந்தியில் எனக்கு இடமில்லை. அது எழுந்ததும், சாப்பிடுமுன் கை கழுவப் போனேன். குழாய்க்குப் பக்கத்தில் சமையலறைக் கதவு திறந்திருந்தது. முதல் பந்தியில் சாப்பிட்ட இலைகளைப் பிள்ளைகள் கொண்டுவந்து வைக்க, மிச்சமிருந்த பாகற்காயையும் கோபிஸ் பொரியலையும் பொறுக்கிச் சட்டியில் போடச் சொன்னார் முதலாளி. ஒரு பாகற்காய்த் துண்டில் சாம்பார் சோறு ஒட்டியிருந்தது. ஒரு பையன் அதைச் சுரண்டிவிட்டுப் போட்டான். மேலே கொஞ்சம் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினார்கள். வாசனை நன்றாகத்தான் இருந்தது.

மகளின் மதிப்பெண்ணை நினைத்து இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தேன். மகள் பொரியல் வாளியோடு வந்தாள். பக்கத்தில் இருந்தவருக்கும் வைக்கவில்லை, எனக்கும் வைக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, அப்பாவுக்கு வைக்கலையா?" என்றார் முதலாளி.

"அப்பா டயட்டு போல," என்றார் பக்கத்தில் இருந்தவர். சிரித்தார்கள்.

"இது எச்சில், செஃப்," என்றாள். குரல் சன்னமாக இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது.

"புள்ள விளையாடுது," என்று எங்களைப் பார்த்துச் சிரித்த முதலாளி, அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "ஏப்ரன கழட்டிட்டு வீட்டுக்குப் போ."

நான் எழுந்தேன். "நான் பார்த்தேன்," என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

எதிரே இருந்த ஒரு அம்மா இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "கை படாததுதானே அண்ணே. சூடு பண்ணிட்டாங்க லா. நம்ம புள்ளைங்க மார்க்கு அவர் கையில இருக்கு, சும்மா உக்காருங்க."

சொல்லிவிட்டுப் பாகற்காயை எடுத்து வாயில் வைத்தார். மற்றவர்களும் சாப்பிட்டார்கள். அவர்களுக்குப் புரியாமல் இல்லை. சட்டியில் கண்டதைவிட இது எனக்கு அருவருப்பாக இருந்தது. இப்போதும் அந்த வாய்கள் அசைவது கண்ணில் நிற்கிறது.

வேனில் ஏறியதும் மகள் கேட்டாள்: "பேசாம வச்சிருக்கலாமாப்பா?"

"வேணாம்மா," என்றேன்.

முதலாளி அவளுக்கு மதிப்பெண் போடவில்லை. பயிற்சியை முடிக்காமல் வெளியேறியதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார். ஆசிரியர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். மன்னிப்புக் கேட்டால் முதலாளி மனசு மாறலாம் என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. இப்போது ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறாள். அடுத்த வருடம் வேறு இடத்தில் மறுபடி பயிற்சி கேட்டு எழுதப் போகிறாளாம்.

அந்தக் கடையில் இன்றும் மதியம் கூட்டம் நிற்கிறது. பயிற்சிக்குப் புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்.

எழுதியது: தைப்பூசத்துக்கு மறுநாள், உலு திராம்.