துறையில் மட்டும் வரும் எண்

என் மனிசனை ஆமிக்காரர் ஜீப்பில் ஏற்றியது வாவித் துறையில். காலையில், அக்கரையில் இருந்து ஆட்களை ஏற்றிவரும் மிதவைப் பாதை கரைக்கு வந்து அணைந்த நேரம். ஜீப்பின் நம்பரைப் பார்த்தேன், ஆறு இலக்கம். எழுதவில்லை. அடுத்த சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். நம்பர் எழுதிய துண்டு அகப்பட்டால் நானும் அவர் போன வழிதான். வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனனம் பண்ணினேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு பிசகாமல் ஒப்புவித்தவளாம் நான், பெருமைக்கு ஒன்றும் குறைச்சலில்லை!

வீட்டில் அவரைப் பெற்ற மாமி கேட்டார்: "என்ன நம்பர் புள்ள?"

வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை.

மறுநாள் துறைக்குப் போய் அதே இடத்தில் நின்றேன். சேற்று மணமும் இறால் கூடைகளின் வீச்சமும் மூக்கில் ஏறியதும் ஆறு இலக்கமும் வரிசையாய் வந்தன. சொல்லிக்கொண்டே முகாமுக்கு நடந்தேன். வாசலில் காவலுக்கு நின்றவன் நீட்டிய துவக்கைக் கண்டதும் தலை துடைத்த சிலேட்டாகிவிட்டது.

"நம்பரும் தெரியாம என்னத்துக்கு வந்த நீ?" என்றார் மேசைக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர்.

மூன்று முறை இதே கதை. நாசமாய்ப் போன மூளை! நாலாம் முறை மாமியையும் துறைக்குக் கூட்டிப் போனேன். அங்கே நின்று நான் சொல்ல, அவர் மனதில் வாங்கிக்கொண்டார். முகாமில் மாமி ஒரு இலக்கமும் பிசகாமல் சொன்னார். அவர்கள் கொப்பியைப் புரட்டிவிட்டு, அப்படி ஒரு ஜீப்பே தங்களிடம் இல்லை என்றார்கள்.

திரும்பும்போது, மிதவைப் பாதையில் வைத்து மாமி கேட்டார்: "ஜீப்பில ஏத்தக்குள்ள என்ர மகன் என்ன சொன்னவன் புள்ள? உன்னப் பாத்து ஏதும் சொல்லாமப் போயிருக்க மாட்டானே."

சொன்னார்தான் என் மனிசன். ஜீப்பில் இருந்து திரும்பி என்னைப் பார்த்து வாயசைத்தார். என் கண்ணும் காதும் அந்த நம்பரில் கிடந்தன.

அதற்குப் பிறகு எத்தனை தரம் துறையில் போய் நின்றேன். மணம் வரும், நம்பர் வரும், அவர் சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தான்கூட வரும். அந்தச் சொல் மட்டும் வராது. காதில் வாங்காததை எங்கே போய் நின்று நினைப்பேன்?

மாமி நோயாகிப் பாயில் விழுந்த பிறகும் அதையே கேட்டார். ஒரு நாள் சொல்லிவிட்டேன்: "அம்மாவப் பாத்துக்க எண்டவர், மாமி."

"ஓம், அவன் அப்பிடித்தான் சொல்லுவான்" என்று அழுதார். அந்தக் கிழமை முடிய முன்னமே நிம்மதியாய்க் கண்ணை மூடினார்.

எனக்கு அப்படி ஒரு பொய் சொல்ல ஒருவரும் இல்லை.