பனிமலை ஓட்டலும் என் மாப்பிள்ளையின் கையும்

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பது ஆளா மாடா என்று தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மயிலாப்பூர் மார்க்கெட்டில் அழுகல் தக்காளியை என் தலையில் கட்டப் பார்த்தவனின் தராசைப் பிடுங்கி அவன் மேலேயே வீசியிருக்கிறேன். அடையாற்றில் நான் குசினிக்காரனாக இருந்த பங்களாவில், குழம்பில் உப்பு குறைச்சல் என்று சொல்வதற்கு முன்னால் துரையே என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். இந்தக் கோபத்துக்கு விலை கொடுத்தது நான் இல்லை, என் தங்கை புருஷன். அதை எழுதாமல் சாகக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பதுகளில் நடந்தது. எங்கள் துரையின் அண்ணன் சுவிட்சர்லாந்தில் ஒரு பனிமலையின் மேல் ஓட்டல் வைத்திருந்தார். குளிர்காலத்தில் வெள்ளைக்காரர்கள் காலில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் சறுக்கி விளையாட அங்கே வருவார்கள். பாதிப்பேர் நம் ஊரில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் போனவர்கள். பனியில் விளையாடிவிட்டு வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு மதராஸ் குழம்பு ஞாபகம் வந்துவிடுமாம். ஒரே ஒரு சீசனுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வா, எடுபிடிக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொள் என்றார் துரை. நான் மாப்பிள்ளையை இழுத்தேன்.

அவன் சாந்தோம் குப்பத்தில் கட்டுமரத்துக்காரன். ஆனால் மரம் அவனுடையது இல்லை, இன்னொருத்தருடையது. சொந்த மரம், சொந்த வலை என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கையைப் பற்றிக் குப்பமே பேசும். தூண்டில் கயிற்றைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, கடித்தது வஞ்சிரமா சுறாவா என்று இழுக்கிற இழுப்பிலேயே சொல்லிவிடுவான். அந்த ஓட்டலில் நாலு மாசம் வேலை செய்தால் ஒரு மரம் கட்டிவிடலாம் என்று நான் ஆசை காட்டினேன். தங்கை ஒத்துக்கொள்ளவே இல்லை.

“உன் கோவம் எனக்குத் தெரியும்ணே. நீ போற எடத்துல எவனையாவது அடிச்சிப்புடுவ. ஒதய இவுரு வாங்கிக்கினு வருவாரு” என்றாள்.

“அடியே, அவனை நான் பாத்துக்கறேன்மே” என்றேன்.

“எப்டி இட்டுக்கினு போறியோ அப்டியே இட்டுக்கினு வரணும். கற்பூரம் அடி” என்றாள். உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி அடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். வாய்ச்சவடால் எனக்கு எப்போதுமே ஜாஸ்தி.

கப்பல், ரயில், இன்னொரு ரயில், கடைசியில் குதிரை இழுக்கிற சக்கரமில்லாத வண்டி. வாந்தி எடுத்தே பாதி உயிர் போய்விட்டது எனக்கு. மலை உச்சியில் இறங்கினதும் மாப்பிள்ளை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “உப்பளம் மாதிரி கீதே மச்சான்!” என்றான். குனிந்து ஒரு பிடி பனியை வாயில் போட்டு, உப்பு இல்லை என்று சிரித்தான்.

ஓட்டல் குசினிக்கு ஒரு பெரிய சமையல்காரன் இருந்தான். ஆறடிக்கு மேல் உயரம், பீப்பாய் உடம்பு. அவன் கையில் நீளமான இரும்புக் கரண்டி ஒன்று எப்போதும் இருக்கும். கிளறுவதற்கு இல்லை, அடிப்பதற்கு. அவன் ஊர் ஆட்களையே அதால் முதுகில் சாத்துவான். அவர்கள் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு உருளைக்கிழங்கு உரிப்பார்கள். இரண்டாம் நாள் அந்தக் கரண்டி மாப்பிள்ளையின் தோளில் விழுந்தது, மீன் கழுவின தண்ணீரைத் தப்பான தொட்டியில் கொட்டிவிட்டான் என்று. எனக்கு ரத்தம் மண்டைக்கு ஏறியது. மாப்பிள்ளைதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“வுடு மச்சான். நாலு மாசம். அப்பால நம்ம மரம், நம்ம வல. இவன் யாரு, நாம யாரு.”

அவனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாசம் இருந்தேன். அதற்குள் என் குழம்புக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வெள்ளைக்காரர்கள் குசினி வாசலுக்கே வந்து என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். பெரிய சமையல்காரனின் சூப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் முகம் நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போனது. ஒரு நாள் காலையில் நான் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பை, முழு அண்டாவோடு, கொல்லைக் கதவைத் திறந்து பனியில் கவிழ்த்துவிட்டான்.

“அட பேமானி!” என்று கத்திக்கொண்டே அவன் கன்னத்தில் விட்டேன் ஒரு அறை. தொப்பி பறந்துபோய் அடுப்பில் விழுந்து எரிந்தது. அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் அவன் கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்தேன். மாப்பிள்ளை நடுவில் விழுந்து இரண்டு பேரையும் பிரித்துவிட்டான். எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உதட்டில் ரத்தம் வழிய, ஒரு மாசத்து வஞ்சம் தீர்ந்தது என்று சிரித்துக்கொண்டிருந்தேன். முட்டாள்.

குழம்பு வேண்டும் என்பதால் ஓட்டல் முதலாளி என்னை அனுப்பவில்லை. பெரிய சமையல்காரனால் என்னைத் தொட முடியவில்லை. அதனால் மாப்பிள்ளையைத் தொட்டான். மறுநாளிலிருந்து அவனுக்குக் குசினி வேலை இல்லை. கீழே இருந்த கொட்டகையிலிருந்து விறகுக் கட்டைகளைப் பலகை வண்டியில் ஏற்றிக் கயிற்றால் மலைமேல் இழுத்து வர வேண்டும். கையுறை கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் இழுத்தான். கயிறு கைக்குத் தெரிய வேண்டாமா, தெரியாத கயிற்றை எந்தக் கடல்காரன் நம்புவான் என்றான். நான் திட்டினேன். நாலு தடவை போட்டுக்கொண்டான், அஞ்சாவது தடவை கழற்றிவிட்டான்.

ஒரு நாள் மத்தியானம் அவன் விறகுக்குப் போயிருந்தபோது பனிக்காற்று கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. நூறு பேருக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்த எனக்கு, மாப்பிள்ளை வெளியே இருக்கிறான் என்ற நினைப்பே கொஞ்ச நேரம் இல்லை. வடித்த பானையை நிமிர்த்தும்போதுதான் கொல்லைக் கதவை யாரோ இடிக்கிற சத்தம் கேட்டது. கதவுக்கு உள்பக்கம் தாழ். தாழுக்குப் பக்கத்தில் பெரிய சமையல்காரன் மார்பில் கை கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் விலாவில் தலையால் முட்டித் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். மாப்பிள்ளை உள்ளே விழுந்தான். விரல்கள் மெழுகுவத்தி மாதிரி வெளுத்து, கயிற்றைப் பிடித்தபடியே மடங்கி நின்றன.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மார்கழியில் கடலிலிருந்து திரும்புகிற ஆண்களுக்கு விரல் மரத்துப் போயிருக்கும். எங்கள் குப்பத்தில் பெண்கள் வடிகஞ்சியை அகலச் சட்டியில் ஊற்றிக் கொடுப்பார்கள். கையை அதில் போட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வரும். சூடு போதவில்லை என்றால் அவன் ‘ஊத்து’ என்பான், போதுமென்றால் ‘போதும்’ என்பான். வேறு யாரும் அந்தக் கஞ்சியில் விரல் வைத்துப் பார்க்க மாட்டார்கள். கை யாருடையதோ அவன்தான் சூடு சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம்.

சட்டியில் கஞ்சியை ஊற்றி அவன் கைகளை அமிழ்த்தினேன்.

“சூடு எப்டி கீது மாப்ள?”

“ஒண்ணியும் தெரில மச்சான். இன்னும் ஊத்து.”

ஊற்றினேன். ஊற்றிவிட்டு இறைச்சிக் கத்தியை எடுத்துக் கல்லில் தீட்ட ஆரம்பித்தேன். என் கண் முழுக்க அந்தப் பீப்பாய் மேலேயே இருந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு அவன் அடுப்புக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். உன் குடலை உருவி மாலை போடுகிறேன் பாருடா என்று தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தீட்டினேன்.

“இன்னும் ஊத்து மச்சான். சூடே காணல.”

பானையில் இருந்த கொதிகஞ்சியை அப்படியே சாய்த்தேன். பச்சைத்தண்ணீர் கலக்கவில்லை. சட்டியைப் பார்க்கவும் இல்லை.

பாத்திரம் தேய்க்கிற பொம்பளை ஓடிவந்து வீல் என்று கத்தினாள். அவளே அவன் கைகளைப் பிடித்து வெளியே தூக்கினாள். வேகவைத்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி விரல்களிலிருந்து தோல் கழன்று தொங்கியது. மாப்பிள்ளை அதை யாரோ இன்னொருத்தன் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “நோவே இல்ல மச்சான்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். ஐயோ, அந்தச் சிரிப்பை நான் என்னவென்று சொல்வேன்!

பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. கத்தியோடு பாய்ந்தேன். பெரிய சமையல்காரனின் முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்தது. அவன் வாணலியால் என் வாயில் அடித்தான், முன்பல் இரண்டு தரையில் விழுந்தன. நாலு பேர் என் மேல் ஏறி உட்கார்ந்த பிறகும் நான் உதைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் கொல்லப் போனது அவனையா, என்னையா என்று இன்றைக்கு வரை எனக்குச் சந்தேகம்தான்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் எட்டு விரல்களை எடுத்தார்கள். கட்டைவிரல் இரண்டும் மிஞ்சின. பனி தாக்கியதோடு நின்றிருந்தால் சில விரல்களையாவது காப்பாற்றியிருக்கலாம், கொதிநீர்தான் முடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். முதலாளி அதை எனக்கு இங்கிலீஷில் சொன்னார். நான் அதை மாப்பிள்ளைக்குத் தமிழில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.

போலீசுக்குப் போகாமல் முதலாளி எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார். கப்பலில் ஒரு நாள், மாப்பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அவகிட்ட பனி தின்னுடுச்சின்னு சொல்லு. வேற ஒண்ணியும் சொல்லாத.”

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

சாந்தோமில் ஜட்கா வந்து நின்றதும் தங்கை ஓடிவந்தாள். புருஷன் கையைப் பார்த்தாள். மணலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், வெள்ளைக்காரனையும் பனியையும் கப்பலையும் சபித்தாள். அப்புறம் எழுந்து உலை வைத்தாள். அவனுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். எனக்கும் இலை போட்டாள்.

“நல்லா துன்னுண்ணே. நீ கூட இல்லன்னா இவுரு பொணங்கூட எனுக்குக் கெடச்சிருக்காது” என்று சொல்லிப் பெரிய மீன் துண்டை எனக்கு வைத்தாள்.

எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டேன். மாப்பிள்ளை தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லாதே என்றான். நான் சொல்லிவிட்டேன். முதலில் நான் விட்ட அறையிலிருந்து கடைசியாகச் சாய்த்த கஞ்சி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை உருவினாள். முதுகில், தோளில், தலையில், எங்கே விழுகிறது என்று பார்க்காமல் அடித்தாள். “பாவி! பாவி! சாவுகிராக்கி! நீ சோறாக்கறவன்தானே, கொதிகஞ்சி இன்னா சூடுன்னு உனுக்குத் தெரியாது?” என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டாள். விறகு உடைந்ததும் இன்னொன்றை எடுத்தாள். பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து பிடித்தார்கள். நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கோபம் வரவில்லை.

மூச்சு வாங்க நின்று, கடைசியில் சொன்னாள்: “பங்களாப் பக்கம் இனி நீ போவக்கூடாது. நீதான் இவுருக்குக் கையி. மரம் ஏறு.”

ஓட்டல் முதலாளி கொடுத்தனுப்பிய பணத்தில் சொந்த மரம் வந்தது, சொந்த வலை வந்தது. நானும் ஏறினேன். கப்பலிலேயே வாந்தி எடுத்தவன் நான், கட்டுமரத்தில் கேட்க வேண்டுமா? மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து துடுப்பை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திசை பார்ப்பான். வலை விடுவதும் இழுப்பதும் நான். எங்கே மீன் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், எப்படி இழுப்பது என்று எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் நல்ல வெயில். வலை கனத்திருந்தது. ஈரக் கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துவிட, பழக்கதோஷத்தில் கத்திவிட்டேன்: “ஐயோ, என் கை போச்சு மாப்ள!”

கட்டியிருந்த துடுப்பைப் பல்லால் அவிழ்த்தான். எழுந்து வந்து, கட்டைவிரல் மட்டும் மிஞ்சிய கையால் என் முகத்தில் அடித்தான். மறுபடி அடித்தான். என் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மரம் ஆடியது. அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“ஒரே ஒரு வெரலு வெச்சிப் பாத்திருக்கக் கூடாதாடா? ஒரே ஒரு வெரலு! அப்டி இன்னாடா பண்ணிக்கினு இருந்த?”

அதுவரை அவன் என்னை ‘டா’ போட்டதில்லை. எத்தனை நாளாக இந்தக் கேள்வியை உள்ளே வைத்திருந்தானோ.

“கத்தி தீட்டிக்கினு இருந்தேன் மாப்ள” என்றேன்.

அடித்த கையை இறக்கினான். பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, துடுப்பைக் கட்டிவிடச் சொல்லி மணிக்கட்டை நீட்டினான்.