பொதுக் குவளையை நிறுத்தியவள்

என் தங்கை கனகவல்லி ஜெர்மனியின் ஆஹென் நகரில் மூன்றை வென்றாள்: பொறியியல் வகுப்பில் ஓர் இடம், ஆண்கள் மட்டுமே இருந்த டிரம் குழுவில் ஒரு டிரம், பிறகு அந்தக் குழுவின் தலைமை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, அதே ஊரில் கடைசல் வேலை செய்த எனக்கு இதில் பெருமை உண்டு.

ஹாங்காங் காய்ச்சல் பரவிய குளிர்காலம் அது. தலைவர் படுத்துவிட்டதால், கார்னிவல் ஊர்வலத்துக்கான பயிற்சியைக் கனகாவே நடத்தினாள். பயிற்சி முடிந்ததும் ஒரே பீர்க் குவளை எல்லார் கைக்கும் போய் வருவது அங்கே வழக்கம். மரியாதைக்கு ஒரு வாய் குடிக்கும் இவள் மட்டும், நம் ஊர்ப் பழக்கப்படி, உதடு படாமல் அண்ணாந்து குடிப்பாள். இனி ஆளுக்கொரு குவளை என்று அவள் சொன்னதும் மூத்த டிரம்காரர் வில்லி முறைத்தார்.

"எங்க வாய் உனக்கு அசிங்கமா, மகாராணி?"

மற்றவர்களும் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். வேறு தலைவரைப் போடலாம் என்றும் பேச்சு எழுந்தது. கனகா வருகைப் பட்டியலை நீட்டினாள். காய்ச்சலில் விழுந்த ஐந்து பேரும், குவளை சுற்றும் வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள். பீர் குடிக்காத மூவரும் நலமாக இருந்தார்கள். வில்லி நம்பாமல் விரல் வைத்து இருமுறை சரிபார்த்தார். பிறகு குவளையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பயிற்சித் திட்டத்தை அவள் முன் தள்ளினார்.

"கையெழுத்துப் போடு. ஊர்வலம் கெட்டால் நீதான் பொறுப்பு."

அவளை அழைத்துப்போக வந்திருந்த எனக்கு, பழியைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ என்று பட்டது. "போடாதே கனகா" என்றேன் தமிழில்.

"பொறுப்பு வேண்டாம்னா தலைமை எதுக்கு அண்ணா?" என்றாள்.

'தலைவர்' என்று அச்சிட்ட இடத்தில் அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள், 1970 ஜனவரி 16, வெள்ளிக்கிழமை.