சாமிக்கு வைத்த கொய்யா

இன்றைக்கு என் தலையில் முடி கிடையாது. வயசு செய்த வேலை. சலூனுக்குப் போகிற பாடு மிச்சம் என்று வீட்டில் கேலி பேசுகிறார்கள். ஆனால் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் ஒரு பழைய பயம் எழும்பி அடங்கும்: ஐயையோ, மறுபடியும் சாமியாகிவிட்டோமோ!

ஆமாம், நான் கொஞ்ச காலம் சாமியாக இருந்தவன். ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் அது அப்படி ஒன்றும் சிரமமான காரியமில்லை. ஒரு மொட்டையும் ஒரு கோவணமும் போதும்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது நேர்த்திக்கடனுக்காகப் பழனிக்குக் கூட்டிப் போனார்கள். முடியிறக்கி, சந்தனம் அப்பிய தலையோடு அடிவாரத்தில் பொரிகடலை தின்றுகொண்டு நின்றேன். அன்றைக்கு அங்கே பார்த்த இடமெல்லாம் மொட்டைதான். மெட்ராசிலிருந்து வந்திருந்த சினிமாக்காரர் ஒருவர் அத்தனையையும் தாண்டி வந்து என் தலைமேல் கை வைத்தார். ஒரு புராணப் படத்துக்கு, கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கும் பாலமுருகன் தேவையாம். என் அப்பாவுக்கு வெங்காய மண்டி. மூட்டையை மோந்து பார்த்தே விலை சொல்லிவிடுவார்; சினிமா என்றதும் அவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஸ்டூடியோவில் புகை போட்டு அதை மேகம் என்றார்கள். அட்டையில் செய்த மலையுச்சியில் என்னை நிறுத்திக் கையில் தண்டத்தைக் கொடுத்து, “கோபமாப் பாரு கண்ணு” என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடைசியில் ஒருவர் என் பொரிகடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அப்போது நான் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத்தான் பிறகு ஊர் ஊராக ஜனங்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். பறிபோனது பொரிகடலை என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அந்த மேகம் மட்டும் இன்னும் எனக்குள் கிடக்கிறது. குனிந்தால் என் கால் தெரியாது. யாரோ ரொம்ப தூரத்திலிருந்து என்னைக் கூப்பிடுவதுபோல இருக்கும். என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களா என்பது மட்டும் காதில் விழாது. இப்போதும் மத்தியானத் தூக்கத்தில் அங்கே போய் நின்றுவிட்டு வருகிறேன்.

படம் திண்டுக்கல்லில் ஓடியது. பிறகு சின்னாளப்பட்டிக்கும் நெய்க்காரப்பட்டிக்கும் டூரிங் டாக்கீஸ் கூடாரங்களுக்குப் போனது. திரையில் நான் வந்து நின்றதும் சூடம் கொளுத்தினார்களாம். என் பங்கு மூன்று நான்கு நிமிஷந்தான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் என்னால் தெருவில் நடக்க முடியவில்லை.

காரணம் என் அம்மா. “சாமி வேஷம் கட்டுன தலையில சீப்பு படலாமா?” என்று அவள் ஒரு சட்டம் போட்டாள். மாதம் பிறந்தால் நாவிதர் வீட்டுக்கு வந்துவிடுவார். முளைத்த முடி வெயில் பார்ப்பதற்குள் போய்விடும். அடுத்த சட்டம், கவுச்சி கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீடே கறிக்குழம்பில் மிதக்கும். எனக்கு மட்டும் தனி வெஞ்சனம், கத்தரிக்காய். “எம் பிள்ளை முகத்துல எம்புட்டு அருள் பாத்தீகளா?” என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் சொல்லுவாள். அது அருளில்லை, கறிக்குழம்பின் வாசனை.

பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களை வரிசையாக நிற்கவைத்து வாத்தியார் பிரம்பை வீசிக்கொண்டு வருவார். என்னிடம் வந்ததும் பிரம்பு தயங்கும். “நீ உக்காருப்பா” என்பார். அடிபட்டவர்களெல்லாம் உள்ளங்கையை ஊதிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். எனக்கு ஊதுவதற்குக் கை சிவக்கவில்லை. அந்தச் சிரிப்பிலும் இடமில்லை.

ஊரே என்னைச் சாமி என்றது. மற்றப் பையன்களுக்கெல்லாம் திண்டுக்கல்லில் ஒரே பேர்தான் இருந்தது: ஏலே. “ஏலே, இங்க வா”, “ஏலே, வழிய விடு”. அந்த ஒரு சொல்லுக்காக நான் ஏங்கியதை இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. சாயங்காலம் மொட்டை மாடியில் (மாடியுமா மொட்டையாக இருக்க வேண்டும்!) படுத்துக்கொண்டு மலைக்கோட்டையின் மேல் வெயில் மெல்ல வடிவதைப் பார்ப்பேன். பாறை செம்பாகி, சாம்பலாகி, பிறகு வானத்தோடு கரைந்துவிடும். நானும் அதோடு கரைந்து ஒரு கனவுக்குள் இறங்குவேன். மற்றப் பையன்கள் கனவில் பட்டணம் போய் நடிகர்களானார்கள். என் கனவில் எனக்கு நெற்றி நிறைய முடி. சட்டைப் பையில் சீப்பு. பிரியாணிக் கடை பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரோ தோளில் தட்டி, “ஏலே, தள்ளி உக்காரு” என்கிறார். அவ்வளவுதான் கனவு. அதற்குமேல் வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பு வந்தது. குரல் உடைந்தது. ஒரே வருஷத்தில் பனைமரம்போல வளர்ந்துவிட்டேன். மேலுதட்டில் பூனைமுடி படர்ந்தது. முருகனுக்கு மீசை வந்தால் அடுத்து என்ன செய்வது என்று அம்மாவுக்கே குழப்பம். அந்தக் குழப்பத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. ஒரு நாள் காலையில் நாவிதர் பெட்டியைத் திறந்தபோது இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டேன்.

“தொடக்கூடாது. பழனிக்கு நேந்திருக்கேன். தை மாசம் வந்துதான் இறக்கணும்.”

நேர்ந்துவிட்ட முடியில் கத்தி படக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நாவிதர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். சாமிக்கு நேர்ந்ததைத் தட்டிப்பேச அவளால் முடியுமா? பெட்டி மூடிக்கொண்டது.

என் வகுப்புத் தோழன், வாய்க்குப் பூட்டே இல்லாதவன், இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “ஏப்பா, சாமியே சாமிக்கு நேந்துக்கிட்டா, வரம் யாரு குடுப்பா?”

வரம் தானாக வந்தது. முடி வளர வளர ஊர் என்னை மறந்தது. ஆடியில் பாதிப் பேர் கும்பிடுவதை நிறுத்தினார்கள். தீபாவளிக்கு நான் நடுவகிடு எடுத்தபோது கடைவீதியில் என்னை ஒருவர் இடித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். தோளைத் தடவிக்கொண்டே வீடு வந்தேன். அப்படிச் சுகமான வலி.

தீபாவளி முடிந்த வாரம் தோழனும் நானும் பிரியாணிக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்குள் விறகுப் புகை, அதற்குள் சீரகச் சம்பாவின் வாசனை, சன்னல் வழியே விழுந்த வெயிலில் புகை சுருண்டு சுருண்டு ஏறியது. ஒரு கணம் எனக்கு ஸ்டூடியோ மேகம் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை மேகத்துக்குள் எனக்குச் சோறு இருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். தோழன் உள்ளே என்னைச் சாமி என்று கூப்பிடக் கூடாது, ஏலே என்றுதான் கூப்பிட வேண்டும். அவனும் சத்தியம் செய்திருந்தான்.

இலை வந்தது. முதல் கவளத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவதிலிருந்து அள்ளினேன். கடைக்கார பாய் பார்த்துக்கொண்டே போனார். “மெதுவாத் தின்னுங்க தம்பி. ஆடு எந்திரிச்சு ஓடிராது.”

பெஞ்சு குலுங்கச் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்! நானும் சிரித்தேன். கனவு அப்படியே நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தோழன் கைநீட்டி, உரக்க, “சாமி, அந்தத் தயிர்ப்பச்சடிய இங்கிட்டுத் தள்ளு” என்றான்.

யாரும் கவனிக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு ஐம்பது தலை என் பக்கம் திரும்பியதாகப் பட்டது. வாசலைப் பார்த்தேன். எதிரே தெரு ஓரத்தில் கொய்யாக்கார அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். நேராக என்னையே பார்த்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் பிறந்து, பழனிப் பக்கம் ஆயக்குடியில் வாக்கப்பட்டவர். கொய்யாக் காலத்தில் வாரச் சந்தைக்கு வருவார். நான் சின்னப் பையனாக இருந்தபோது என்னைக் கண்டால் எழுந்து நின்று, கூடையிலேயே நல்ல பழமாக ஒன்றை எடுத்து, “இந்தாங்க சாமி, மொதப் பழம் உங்களுக்குத்தானுங்க” என்று தருவார். எனக்குக் கொடுத்த பிறகுதான் வியாபாரம். அந்தக் கண்ணுக்கு முன்னால் நான் ஆட்டெலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

விவேகமுள்ளவன் தலையைக் குனிந்து சாப்பிட்டிருப்பான். நான் ஓடினேன். கை கழுவவில்லை, எலும்பையும் விடவில்லை. அவரிடமிருந்து தப்ப நினைத்தவன் அவரை நோக்கியே ஓடினேன் என்பதுதான் என் பயத்தின் தனிச்சிறப்பு. கடைக்கு வாசல் ஒன்றுதான். கூடை கவிழ்ந்தது. கொய்யாக்கள் தெருவெல்லாம் உருண்டன.

“ஏலே! கண்ணு பொடனியிலயாலே இருக்கு?”

நின்றுவிட்டேன். அந்தச் சொல் என் மேல் விழுந்தது. முதல் மழை விழுந்தாற்போல இருந்தது.

“என்னலே மரம் மாதிரி நிக்கிற? பொறுக்கு! எலும்பத் தூரப் போட்டுட்டுப் பொறுக்குலே, எச்சக் கையோட தொடாத!”

மரியாதைக்கு ஆயக்குடி ‘ங்க’, வசவுக்குத் திண்டுக்கல் ‘லே’ என்று அவர் இரண்டு ஊரையும் பிரித்து வைத்திருந்தார். எனக்கு அப்போதுதான் திண்டுக்கல் கிடைத்தது. கடைவாசல் தண்ணீர்த் தொட்டியில் கையைக் கழுவிவிட்டு வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். வண்டி மாட்டின் காலடியில் கிடந்ததைக்கூட விடவில்லை. அவர் திட்டிக்கொண்டே இருந்தார். அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று மெதுவாகப் பொறுக்கினேன்.

கடைசியாக, பழைய சேலைத் துணி ஒன்றில் தனியாகச் சுற்றி வைத்திருந்த பழம் துணி விலகி உருண்டு கிடந்தது. நல்ல பெரிய பழம், மஞ்சளில் லேசான ரோஸ். எடுத்தேன்.

“ஏய், அத வைலே. அது சாமிக்கு.”

“எந்தச் சாமிக்கு?” என் குரல் இரண்டாக உடைந்தது.

“இந்த ஊர்ல ஒரு சின்னச் சாமி இருக்கு. சினிமாவுல வந்துச்சே. ரொம்ப நாளாக் காணோம். வந்துச்சுன்னா குடுக்கணும்.”

என் பழத்தை என் கையாலேயே துணியில் சுற்றி வைத்துவிட்டு வந்தேன். பின்னால் தோழன் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு சிரித்தான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பிரியாணியும் கிடைத்தது, ஏலேயும் கிடைத்தது. ஆனால் தை வருகிறதே! முடியிறக்கினால் நான் மறுபடியும் சாமி. அந்த அம்மா எழுந்து நிற்பார். பழத்தை நீட்டுவார். கூடையைக் கவிழ்த்தவனும் எலும்போடு ஓடியவனும் இவன்தான் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவர் முகம் எப்படி மாறும்? நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட ஏதாவது சாக்கு உண்டா என்று முருகனிடமே கேட்டேன். நேர்ந்தது பொய்யாகவே இருந்தாலும் அவர் அதைக் கணக்கில் வைத்திருந்தார் போலும்.

தை வந்தது. அடிவாரத்தில் அந்த முடி என் மடியில் விழுந்தபோது அழுதுவிட்டேன். அம்மா அதைப் பக்தி என்று சொல்லித் தானும் அழுதாள்.

அடுத்த சந்தைக்கு நானாகவே போனேன். ஒளிந்து ஒளிந்து நெஞ்சடைத்துச் சாவதைவிட நேரில் வாங்கிக்கட்டிக்கொள்வது மேல் என்று பட்டது. பனி இன்னும் விலகவில்லை. பூச்சந்தைப் பக்கமிருந்து மல்லிகை வாசனை பனியோடு சேர்ந்து தெருவில் மிதந்தது. வண்டிகள் சத்தமில்லாமல் வெள்ளைக்குள்ளிருந்து வந்து வெள்ளைக்குள்ளேயே போயின. குனிந்தால் என் கால் தெரியவில்லை. தூரத்தில் கொய்யாக்கார அம்மா கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சந்தனத் தலையோடு போய் முன்னால் நின்றேன். அவர் கும்பிட்டால் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் நிமிர்ந்தார். மொட்டையைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

“ஏலே! கூடையக் கவுத்தவன்தானே நீ? மொட்டையடிச்சா அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்?”

எப்படியோ கேட்டேன். “ஏம்மா, நான் அந்தச் சின்னச் சாமி மாதிரி இல்ல?”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தேங்காய்க்காரரும் சிரித்தார்.

“நீயா? பனமரம் கணக்கா வளந்து நிக்கிற. சாமி எங்கயாச்சும் வளருமாலே?”

கூடைக்குள் துணியில் சுற்றிய பழம் இருந்தது. அன்றைக்கும் ஒன்று வைத்திருந்தார். எனக்குத் திடீரென்று அதன்மேல் ஓர் ஆசை வந்தது. ஆறு வயதில் அட்டை மலைமேல் நின்றவன் இன்னும் அந்தப் புகைக்குள்தான் நிற்கிறான், அவனுக்காக இவர் வாராவாரம் பழம் கொண்டுவருகிறார், அவனிடம் பொரிகடலைப் பொட்டலத்தை யாரும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்றெல்லாம் தோன்றியது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை.

“என்ன முழிக்கிற? இந்தா.” கூடையின் ஓரத்திலிருந்து வேறொன்றை எடுத்து என் பக்கம் எறிந்தார். “அணில் கடிச்சது. யாரும் வாங்க மாட்டாக. தின்னுட்டுப் போ. வியாபாரத்துக்கு முன்னால நிக்காதலே, வழிய விடு.”

வழியை விட்டேன். அணில் பல் பட்ட பக்கத்திலிருந்தே கடித்துக்கொண்டு பனிக்குள் நடந்தேன். மொட்டைத் தலை சில்லிட்டது. ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை.