முன்னுக்கு ஒரு படம், பக்கத்துக்கு ஒரு படம்

அந்த ஒரு வாரத்துக்கு என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம் என் வாய்தான். ஆங்கிலம் தெரியும், சிங்களம் சமாளிப்பேன், தமிழில் அடுத்தவரைப் பேசவே விடமாட்டேன் என்று அக்கா சொல்லுவாள். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் டைப்பிஸ்டாக வேலை. வெள்ளவத்தையில் அக்கா குடும்பத்தோடு இரண்டறை பிளாட்டில் ஏழு பேராக இருந்தோம். வருட லீவு ஒரு கிழமை மிச்சமிருந்தது. வீட்டில் நின்றால் அக்காவின் மூன்று பிள்ளைகளையும் என் தலையில் கட்டிவிடுவாள். உதடு பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கு இலவசமாக ஒப்பரேஷன் செய்ய வெளிநாட்டு டொக்டர்மார் வருகிறார்கள், மொழிபெயர்க்க ஆள் தேடுகிறார்கள் என்று அலுவலகத்தில் கேள்விப்பட்டதும் உடனே பெயர் கொடுத்தேன். சேவை மனப்பான்மை எல்லாம் பிறகு வந்ததுதான்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வார்டுக்குப் பொறுப்பாக ஒரு கன்னியாஸ்திரி இருந்தார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர், குள்ளம், அறுபது வயதிருக்கும். ஆறடி உயர வெள்ளைக்கார டொக்டர்கூட அவர் முன்னால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வார்டுக்குள் வருவார். சிஸ்டர் சொன்னால் சொன்னதுதான்.

எனக்குக் கொடுத்த வேலை சின்னது. ஒப்பரேஷனுக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையையும் படம் எடுக்க வேண்டும். எந்தப் படம் எந்தப் பிள்ளை என்று குழம்பாமலிருக்க ஓர் இலக்கம் வேண்டும். நான் வெள்ளவத்தையில் ஒரு புத்தகக் கடையில் சிலேட்டுப் பலகை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். என் கையெழுத்து நல்ல கையெழுத்து; சாக்குக்கட்டியால் இலக்கத்தைப் பெரிதாக எழுதி, பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே பிடித்து, "நேரை பாருங்கோ. சரி, இப்ப பக்கத்துக்குத் திரும்புங்கோ" என்பேன். முன்னுக்கு ஒரு படம், பக்கத்துக்கு ஒரு படம். டொக்டர் என் சிலேட்டைப் பார்த்து மிக நேர்த்தி என்றார். அன்று முழுக்க எனக்குத் தலை கனத்துப் போயிருந்தது.

திங்களும் செவ்வாயும் ஒரு கரைச்சலும் இல்லை. முகத்துவாரத்திலிருந்து வந்த பிள்ளைகள் கமராவுக்கு முன்னால் போட்டி போட்டுக்கொண்டு நின்றார்கள். மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு தாய் தன் மகனுக்குப் புதுச் சட்டை மாற்றிவிட்டு, "இப்ப எடுங்க மகள்" என்று மறுபடியும் வரிசையில் வந்து நின்றார். செவ்வாய் பின்னேரம் தையல் போட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக வார்டுக்கு வந்தபோது, நான் ஏதோ என் கையாலேயே தைத்துவிட்டதைப்போல ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்த்து மகிழ்ந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து ஒரு தகப்பன், தாய், நான்கு வயது மகள். அங்கிருந்து வெளியே வரப் பாஸ் கிடைக்க மூன்று கிழமை காத்திருந்து, வவுனியாச் சோதனைச் சாவடியில் இரண்டு நாள் மறித்து வைக்கப்பட்டு வந்திருந்தார்கள். பிள்ளையின் மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. அவள் பேசும்போது வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் பேசினாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். டொக்டர் பார்த்தார். பிறந்து மூன்று மாதத்தில் செய்திருக்க வேண்டியது, பரவாயில்லை, நன்றாகச் செய்யலாம் என்றார். வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாக அவள் பெயரைப் போட்டார்கள். வியாழன் மாலை ஆறு மணிக்கு முன் வார்டில் சேர வேண்டும். சனிக்கிழமை டொக்டர்மார் விமானம் ஏறிவிடுவார்கள். அடுத்த முறை எப்போது வருவார்கள், அப்போது இவர்களுக்கு இன்னொரு பாஸ் கிடைக்குமா என்பதை யாரும் சொல்ல முடியாது.

நான் வழக்கம்போலச் சிலேட்டை எடுத்தேன். இலக்கத்தை எழுதினேன். பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, முன்னுக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று எடுத்தாயிற்று. தகப்பன் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பிள்ளைக்காகச் சிலேட்டை அழித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், மூன்று பேரையும் காணவில்லை. தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். ஐந்து மணியாகியும் வரவில்லை.

"என்னா சொன்னீங்க அவங்களுக்கு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லை சிஸ்டர். படம்தான் எடுத்தனான்."

சொல்லும்போதே சிலேட்டைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு சுற்றிவளைப்பில் எங்கள் பிளாட்டில் இருந்த எல்லோரையும் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே என் கையிலும் ஓர் இலக்கத்தைக் கொடுத்து, சுவரோடு நிறுத்தி, நேரே பார்க்கச் சொன்னார்கள், பக்கத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். அன்றிரவே விட்டுவிட்டார்கள் என்பதால் நான் அதைப் பிறகு ஒரு பகிடிக் கதையாக்கி எல்லோரையும் சிரிக்க வைத்துத் திரிந்தேன். அதே காரியத்தை ஒரு நான்கு வயதுப் பிள்ளைக்கு அழகான கையெழுத்தில் செய்து வைத்திருக்கிறேன். கொழும்பில் ஒரு தமிழருக்கு இது தோன்றாமல் போகுமா? எனக்குத் தோன்றவில்லை. என்னை நானே அறையலாம் போலிருந்தது.

பதிவில் அவர்களுடைய விலாசம் என்று நான் எழுதி வைத்திருந்தது, 'வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம், லொட்ஜ்' என்பதுதான். கடலுக்கு இறங்கும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு லொட்ஜ். வியாழன் காலை வெய்யில் ஏறமுன் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். வன்னியிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறதா, எப்போது வந்தார்கள், பாஸ் எத்தனை நாளைக்கு என்று விசாரித்தேன். எல்லா லொட்ஜிலும் ஒரே பதில்.

"அப்பிடி ஒருதரும் இஞ்சை இல்லை, தங்கச்சி."

ஆறாவது லொட்ஜில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனேஜர் மேசையில் கையால் தட்டி, "சொண்டு பிளந்த பிள்ளை அண்ணை, ஒருக்கால் கண்டால் மறக்கேலாது. பொய் சொல்லாதேங்கோ" என்றேன். மனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் மாட்டிக்கொண்டு, அப்படி ஒரு பிள்ளையைத் தன் வாழ்நாளிலேயே கண்டதில்லை என்றார். நான் வேர்த்து விறுவிறுத்துக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போனேன். மத்தியானம் ஒரு மணி தாண்டிவிட்டது.

சிஸ்டர் கதையைக் கேட்டார். கைகளைக் கழுவினார், குடையை எடுத்தார், வாசலில் ஓர் ஓட்டோவை மறித்தார். வழி முழுக்கச் செபமாலை உருட்டினார். பம்பலப்பிட்டியில் மட்டும் செபத்தை நிறுத்தி, சாரதியை மெதுவாகப் போகச் சொல்லிச் சிங்களத்தில் ஏசினார்.

கண்ணாடி துடைத்த மனேஜர் மேல்தான் எனக்குச் சந்தேகம்; நான் சண்டை பிடித்த அதே லொட்ஜுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளை அங்கியைக் கண்டதும் மனேஜர் கதிரையை விட்டு எழும்பினார்.

"ஓம் சிஸ்டர், மூண்டாம் மாடி. இடக்கைப் பக்கம் கடைசி அறை."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. "காலமை நான் கேக்கேக்கை இல்லையெண்டனீங்கள்?"

"கோவிக்காதேங்கோ தங்கச்சி. நீங்கள் கேட்ட கேள்வியள் அப்பிடி. எங்கையிருந்து, எப்ப வந்தவை, பாஸ் எத்தினை நாளைக்கு. பொலிஸ்காரங்கள் வந்தாலும் இதைத்தான் கேக்கிறவங்கள்."

மாடிப்படி ஏறினேன்.

அறைக்குள் பை கட்டி வைத்திருந்தது. பின்னேர ரயிலுக்குப் போவதாக இருந்தார்கள். தாய் கட்டிலில் அமர்ந்து பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தகப்பன் பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றார். நான் ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றிலும் தயார்ப்படுத்தி வைத்திருந்த விளக்கம் ஒன்றும் வாயில் வரவில்லை. படம் டொக்டருக்குத்தான், தைக்கமுன் எப்படி இருந்தது என்று பார்க்கத்தான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"அப்ப ஏன் நம்பர்? பிள்ளைக்குப் பேர் இருக்குத்தானே" என்றார் அவர்.

கேள்வி சரியான கேள்வி. அவரே தொடர்ந்தார்.

"என்ர தம்பியை இப்பிடித்தான் எடுத்தவங்கள். முன்னுக்கு ஒண்டு, பக்கத்துக்கு ஒண்டு. நம்பரும் பிடிச்சு. அதுக்குப் பிறகு நாங்கள் அவனைக் காணேல்லை."

"என்ர பிழை அண்ணை" என்றேன். "என்னையும் அப்பிடி எடுத்தவங்கள். தெரிஞ்சிருந்தும் யோசிக்காமல் செய்துபோட்டன்."

நான் அழுதேன் என்று சிஸ்டர் பிற்பாடு எல்லோருக்கும் சொன்னார். அழுதேன்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் என் அழுகையோ சிஸ்டரின் அங்கியோ அவரை அசைக்கவில்லை. அதுவரை பின்னல் பின்னிக்கொண்டிருந்த தாய், ரிப்பனை முடிந்துவிட்டு எழும்பினார்.

"படம் எடுத்தது எடுத்ததுதான். இனிப் பயந்து என்ன? அந்தப் படத்தையும் குடுத்துப்போட்டு இந்த வாயோடையே திரும்பிப் போறதோ? நான் பிள்ளையைக் கொண்டு போறன். நீங்கள் பையோடை இருங்கோ."

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். நானும் சிஸ்டரும் பின்னால் ஓடினோம். ஓட்டோ புறப்பட இருந்த நேரம் தகப்பன் பையோடு வந்து சாரதிக்குப் பக்கத்தில் நெருக்கி ஏறிக்கொண்டார். போகும் வழியெல்லாம் தாய் அவரோடு கதைக்கவில்லை.

வார்டில் சிஸ்டர் நேரே டொக்டரிடம் போய், நடந்ததைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். டொக்டரின் முகம் சிவந்துபோனது. பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் சிலேட்டை வாங்கி, தானே ஓர் இலக்கத்தைக் கிறுக்கி, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு சுவரோடு போய் நின்றார். தகப்பனைக் கூப்பிட்டுக் கமராவை அவர் கையில் கொடுத்தார். தகப்பன் கமராவைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், நேராக்கிக் கொடுத்தோம். ஒரு படம் எடுத்தார்.

"பக்கத்துக்குத் திரும்பச் சொல்லுங்கோ" என்றார் தகப்பன் என்னிடம்.

சொன்னேன். ஆறடி மனிதர் பணிவாகத் திரும்பினார். முதலில் சிரித்தது முகத்துவாரத்துத் தாய்மார்தான். பிறகு வார்டு முழுக்கச் சிரித்தது. தகப்பனும் வாயைத் திறந்து சிரித்தார். சிரித்த கையோடு சிஸ்டரையும் நிற்கச் சொன்னார். சிஸ்டர் மறுத்துவிட்டார். அன்றைக்குப் பிறகு நான் சிலேட்டில் இலக்கத்தைப் பெட்டிக்குள் சின்னதாகவும் பிள்ளையின் பெயரைப் பெரிதாகவும் எழுதினேன், தாயின் மடியில் இருத்தித்தான் படம் எடுத்தோம்.

வெள்ளி காலை ஒன்றரை மணித்தியாலத்தில் ஒப்பரேஷன் முடிந்தது. வீங்கிச் சிவந்த உதட்டில் கறுப்பு நூல் தையல்கள். தாய் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ஆரோ வேறை வீட்டுப் பிள்ளை மாதிரிக் கிடக்கு" என்றார். பிள்ளை கண் விழித்ததும் ஐஸ்கிறீம் கேட்டாள், அப்போதுதான் தன் பிள்ளை என்று ஒப்புக்கொண்டார்.

தையல் எடுக்கும்வரை அவர்கள் வார்டிலேயே இருந்தார்கள். நானும் வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்து வருவேன். புறப்படும் நாளில் தகப்பன் பாஸை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் பிள்ளையின் பெயருக்கு நேரே, அடையாளம் என்ற இடத்தில், மேலுதடு பிளந்தது என்று சிங்களத்தில் எழுதியிருந்தது.

"வவுனியாவில இது அந்தப் பிள்ளை இல்லை எண்டு மறிச்சாங்கள் எண்டால்?" என்று கேட்டார்.

பகிடி விடுகிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் முகத்தில் பகிடி இல்லை. சிஸ்டர் ஆஸ்பத்திரிக் கடதாசியும் டைப்ரைட்டரும் கொண்டுவந்தார். பிள்ளைக்கு ஒப்பரேஷன் செய்யப்பட்டது, பாஸில் உள்ள அடையாளம் அதனால் இப்போது இல்லை என்று ஆங்கிலத்தில் தட்டினேன். தற்போதைய அடையாளம் என்று ஒரு வரி போட்டு நிறுத்தினேன்.

"தழும்பு எண்டு போடுங்க, அதான் பாதுகாப்பு" என்றார் சிஸ்டர். தகப்பனும் ஓம் என்றார்.

தாய் பிள்ளையின் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "அது ஆறிப்போடும். ஒண்டுமில்லை எண்டு போடுங்கோ தங்கச்சி."

சிஸ்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டினார். அடையாளம்: எதுவுமில்லை. தட்டிவிட்டுக் கடதாசியை உருவினேன். தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார் தாய். வாசித்தேன். அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாம் முறை கேட்டபோது என்னால் முடியவில்லை, சிஸ்டர்தான் கடதாசியை வாங்கி வாசித்தார்.