விசில் ஊதிய பாடகர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், தூத்துக்குடியில் தோணிகளைக் கரையேற்றும் இடத்தில் அவரைப் பார்த்தேன். வாயில் எப்போதும் ஒரு தகர விசில் இருக்கும். சாப்பிடும்போது மட்டும் அதை எடுத்து மடியில் செருகிக்கொள்வார். அவர் ஊதினால்தான் வடம் பிடித்தவர்கள் இழுப்பார்கள்.

அவர் பாடிய இசைத்தட்டு என் வீட்டில் இருந்தது. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, நாடகத்துல பாடுனது நீங்கதான?"

"ஆமா. வீட்டோட இருக்கணும்னு அதை விட்டுட்டு வந்தேன். இங்கனயும் மொதல்ல பாட்டுதான். பாட்டு எறங்கும்போது இழுக்கணும், அதான் வழக்கம். ஒருநாள் பாட்டுல கொரலு மேல போயி அங்கனயே நின்னுட்டேன். மேடையில கை தட்டுத வரைக்கும் நிப்போம்லா, அந்தப் பழக்கம். இவனுவ வடத்தைப் பிடிச்சுக்கிட்டே காத்து நின்னானுவ. கை சலிச்சு விட்டுட்டானுவ. தோணி பின்னால சறுக்கிட்டு. அடியில கட்டை போட்டுக்கிட்டிருந்தது என் தம்பி."

அவர் முகம் மாறவில்லை. விசிலை வேட்டியில் துடைத்தார்.

"இப்ப தம்பி?"

"ரெண்டு காலும் போயிட்டு. வீட்டுலதான் கெடக்கான். தெனமும் பாடச் சொல்லுதான்."

"பாடுவீங்களா?"

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

அன்று வீட்டில் அந்த இசைத்தட்டை வைத்தேன். குரல் உச்சிக்குப் போய் நின்றது. முன்பெல்லாம் அந்த இடத்தில் கண்ணை மூடி ரசிப்பேன். அன்று, அது எப்போது இறங்கும் என்று மேசை விளிம்பை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தேன்.